அப்பாவுக்கு வரலாறு, பையனுக்குப் பனி, ரெண்டும் ஒரே ரயில் பாதையில இருக்கு

வாசகி கேள்வி: நாங்க மதுரை. அடுத்த மே மாசம் பத்து நாள் ஆல்ப்ஸ் போகலாம்னு இருக்கோம். நான், வீட்டுக்காரர், 14 வயசு பையன், எங்க அப்பா. அப்பா ரிட்டயர்டு வரலாறு வாத்தியார், வயசு 69, முட்டி வலி உண்டு. அவருக்குப் பழைய இடங்க பாக்கணும், பையனுக்குப் பனி, வீட்டுக்காரருக்கு போட்டோ, எனக்கு அங்க ஜனங்க எப்படி வாழறாங்கன்னு பாக்கணும். ஏஜென்ட் குடுத்த பிளான்ல பாரிஸ், டிட்லிஸ், யுங்ஃப்ராவ், மிலான்னு தினம் ஒரு ஊர் இருக்கு. அப்பா கேட்டதைச் சொன்னா "ஆல்ப்ஸ்ல என்னங்க வரலாறு, மலைதான் இருக்கு"ங்கறாங்க. எல்லாத்தையும் சேக்க முடியாதா? நாங்க சைவம்.

பதில்:

வணக்கம்ங்க. உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன், அந்த "மலைதான் இருக்கு"ங்கற வரி மனசுல உறுத்திட்டே இருந்துச்சு. நான் டூர் பிளான் போட்டுக் குடுக்கற வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன், ஆல்ப்ஸ்னாலே சிகரம்தான்னு நினைச்சுதான் நானும் ஆரம்பத்துல பிளான் போட்டேன். ஆனா சிகரத்துல யாரும் வாழலைங்க. ஜனங்க வாழ்ந்தது பள்ளத்தாக்குல, நடந்தது கணவாய்ல. ரோமானியர் காலத்துல இருந்து இத்தாலிக்கும் வடக்குக்கும் நடுவுல உப்பு, ஒயின், துணி, படை, பாதிரியார் எல்லாம் அந்தக் கணவாய் வழியாதான் ஏறி இறங்குனாங்க, அதனால ஆல்ப்ஸோட வரலாறு முழுக்க அந்த வழியோரமாதான் கிடக்கு. ஒரு கணவாய்ப் பாதையைப் புடிச்சு மெதுவாப் போனீங்கன்னா அப்பாவோட கோவிலும் உங்க கிராமமும் பையனோட பனியும் அதே பாதையில வரிசையா வரும், ஆளுக்கொரு நாள்னு பிரிச்சுக் குடுக்கவே வேண்டாம்.

அதனால நான் சொல்றது ஒரே ஒரு மாநிலம். ஸ்விட்சர்லாந்தோட தென்கிழக்கு மூலையில கிராவ்புண்டன்னு ஒரு கேன்டன் இருக்கு, நம்ம டூர் குரூப்புங்க அந்தப் பக்கம் அதிகம் போறதில்ல. பாரிஸை எடுத்துடுங்க, டிட்லிஸ் யுங்ஃப்ராவ் ரெண்டு சிகரத்தையும் எடுத்துடுங்க. வீட்டுக்காரர் கோவிச்சுக்குவாரோன்னு பயப்படாதீங்க, போட்டோ விஷயத்துல அவருக்குக் குறை வராது.

அதுக்கு முன்னாடி மாசத்தை மாத்தணும், இதுதான் ரொம்ப முக்கியம். மே மாசம் நமக்கு லீவு, ஆனா உயரமான ஆல்ப்ஸ் ஊர்களுக்கும் அது லீவு மாசம்தான். பனிச்சறுக்கு சீசன் முடிஞ்சு கோடை சீசன் ஆரம்பிக்காத இடைவெளி அது, கேபிள் கார் நிறைய மெயின்டனன்ஸ்க்கு நிறுத்தியிருப்பாங்க, நிறைய ஹோட்டல் ஜூன் நடு வரைக்கும் கதவு சாத்தியிருக்கும், மேல நடைபாதையில சேறும் உருகின பனியுமா இருக்கும். எங்க அம்மாவை முதல் தடவை கூட்டிட்டுப் போனப்ப மே மாசம்தான் போனேன், மூணு நாள் மூடின கடையையும் நின்னுபோன கேபிள் காரையும் பாத்துட்டு திரும்பினோம், அம்மா ஒண்ணும் சொல்லல, ஆனா எனக்கு அது இன்னிக்கும் ஆறல. நீங்க காலாண்டு பரீட்சை லீவுல போங்க. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். அங்க லார்ச்னு ஒரு ஊசியிலை மரம் இருக்கு, மத்த ஊசியிலை மரம் மாதிரி இல்லாம இலையுதிர் காலத்துல இதோட இலை மஞ்சளாகி உதிரும், அந்த மஞ்சள் புடிக்க ஆரம்பிக்கறது இந்த நேரத்துலதான். கோடை முழுக்க மேல மேய்ஞ்ச மாடுங்களுக்குப் பூ சூடி மணி கட்டி கீழ ஓட்டிட்டு வர்றதும் செப்டம்பர்லதான், அதிர்ஷ்டம் இருந்தா ரோட்டுல எதிர்ல வரும்.

மூணே ஊர்ல தங்குங்க, ஒவ்வொண்ணுலயும் மூணு ராத்திரி. முதல்ல கூர், அப்புறம் கீழ் எங்கடின் பள்ளத்தாக்குல ஒரு கிராமம், கடைசியா பொன்ட்ரெசினா இல்லாட்டி போஸ்கியாவோ. சூரிச்ல இறங்கி மிலான்ல ஃப்ளைட் ஏறுற மாதிரி டிக்கெட் போட்டா போன வழியிலயே திரும்பி வர்ற நாள் மிச்சம்.

கூர் சூரிச்ல இருந்து ரயில்ல ஒண்ணேகால், ஒன்றரை மணி நேரம்தான். ஸ்விட்சர்லாந்தோட மிகப் பழைய நகரம்னு சொல்லிக்கற ஊர், மனுஷங்க குடியிருந்த தடயம் 5000 வருஷத்துக்கு முன்னால போகுது, 451லயே இங்க ஒரு பிஷப் இருந்ததுக்கு எழுத்து ஆதாரம் இருக்கு. பழைய ஊருக்குள்ள கார் கிடையாது, அப்பா நிதானமா நடக்கலாம். ஃப்ளைட் அலுப்புக்கு முதல் நாள் இது போதும்.

ரெண்டாம் நாள்தான் அப்பாவுக்கானது. கூர்ல இருந்து தூசிஸ் அரை மணி நேர ரயில், அங்க மஞ்சள் கலர் போஸ்ட் பஸ் புடிச்சா ட்சிலிஸ்னு சின்ன கிராமம். போற வழியில வியாமாலான்னு ஒரு மலையிடுக்கு, அந்தப் பேருக்கே கெட்ட வழின்னுதான் அர்த்தம், ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, 300 மீட்டர் ஆழம், அடியில ரைன் நதியோட ஒரு கிளை. இந்த வழியை அகலப்படுத்தணும்னு 1473ல தூசிஸ், காட்சிஸ், மசைன்னு மூணு ஊர்க்காரங்க சேந்து முடிவெடுத்து எழுதி வெச்ச பத்திரம் இன்னும் இருக்குங்க. ராஜா போட்ட ரோடு இல்ல, ஊர்க்காரங்க போட்டது. ரோடு போட்டா பொதி சுமக்கற வேலை நமக்குக் கிடைக்கும்னு கணக்குப் பண்ணி இறங்கியிருக்காங்க, நம்ம பக்கம் பொதிமாடு கட்டி மலை ஏத்துன மாதிரி அங்க குதிரையும் கோவேறு கழுதையும், ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் எல்லை வரைக்கும் சரக்கைத் தூக்கிட்டுப் போய் அடுத்த ஊர்க்காரன்கிட்ட ஒப்படைக்கும். 1882ல காட்ஹார்ட் ரயில் சுரங்கம் திறந்ததும் சரக்கு பூரா அந்தப் பக்கம் போயிடுச்சு, நாலு நூற்றாண்டுப் பிழைப்பு சட்டுனு படுத்துடுச்சு. இந்தக் கதையை அப்பாகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சா பஸ் ஜன்னல்ல தெரியற ஒவ்வொரு பாலத்தையும் வேற கண்ணோட பாப்பாரு. இடுக்குக்குள்ள இறங்க 300க்கு மேல படி இருக்கு, அப்பா இறங்க வேண்டாம், மேல ரோட்டோரமா நின்னே பள்ளம் தெரியும், நீங்களும் பையனும் இறங்கிட்டு வாங்க.

ட்சிலிஸ் சர்ச் வெளிய இருந்து பாத்தா ரொம்ப சாதாரணம். உள்ள போனா மேல கூரை பூரா 153 மரப்பலகை, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஓவியம், 12ஆம் நூற்றாண்டுல வரைஞ்சது, ராஜராஜ சோழன் பெரிய கோவில் கட்டி நூறு வருஷம் கழிச்சுன்னு வெச்சுக்கங்களேன். நடுவுல இயேசு கதை, சுத்தி ஓரம் பூரா கடல். கடல்ல முன்பாதி மிருகம் பின்பாதி மீனா விதவிதமான ஜந்துக்கள், நம்ம மகர தோரணத்துல வர்ற மகரத்தைப் பாத்த கண்ணுக்கு அது புதுசாவே தெரியாது. கழுத்து வலிக்காம பாக்க அங்கயே கைக்கண்ணாடி வெச்சிருப்பாங்க, பெஞ்ச்ல உக்காந்து கண்ணாடியை மடியில வெச்சு கீழ பாத்தே மேல உள்ளதைப் பாக்கலாம். முட்டி வலிக்காரருக்கு இதைவிட வசதியான மியூசியம் நான் பாத்ததில்ல. அரை மணி நேரம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ரெண்டு மணி நேரம் விடுங்க.

நாலாம் நாள் கூர்ல இருந்து எங்கடினுக்கு ரயில். இதுதான் ஆல்புலா பாதை, இதோட தொடர்ச்சியான பெர்னினா பாதையும் சேத்து 2008ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க. போட்டோவுல நீங்க பாத்திருப்பீங்க, ஆறு வளைவு வெச்ச கல் பாலம், 65 மீட்டர் உயரம், வளைஞ்சு போய் நேரா ஒரு பாறைக்குள்ள நுழையும், அதான் லாண்ட்வாசர் பாலம், 1902ல கட்டி முடிச்சது. கூர்ல இருந்து போறப்ப வலது பக்க ஜன்னல் புடிங்க. கூரை வரைக்கும் கண்ணாடி வெச்ச பெர்னினா எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை எல்லாரும் தள்ளிவிடுவாங்க, அதுக்கு சீட் ரிசர்வேஷன் தனிக்காசு, ஜன்னல் திறக்காது, நடுவுல இறங்கவும் தோதுப்படாது. அதே தண்டவாளத்துல சாதாரண லோக்கல் ரயில் நாள் பூரா ஓடுது, சில பெட்டியில ஜன்னலை இறக்கிக்கலாம், கண்ணாடி நிழல் விழாம வீட்டுக்காரர் படம் எடுக்கலாம், ஃபிலிசூர்ல இறங்கி பாலத்தைக் கீழ இருந்து பாத்துட்டு அடுத்த வண்டியில ஏறிக்கலாம். நான் எப்பவும் லோக்கல்தான்.

பையன்கிட்ட ஒரு விஷயம் சொல்லுங்க. நம்ம மேட்டுப்பாளையம் ஊட்டி ரயிலுக்கும் இதுக்கும் ஒரே அகலம், ஒரு மீட்டர். நம்ம ரயில் 12 மீட்டர் போனா ஒரு மீட்டர் ஏறும், பல்சக்கரம் இல்லாம முடியாது. பெர்னினா பாதை 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏறும், பல்சக்கரமே கிடையாது, வெறும் சக்கரத்தோட பிடியிலயே ஏறிடும், 1910ல முழுசா திறந்தப்பவே கரண்ட்ல ஓடுனது. ஊட்டி ரயிலோட அந்தப் பழைய நீராவி இன்ஜின்கள் இருக்குல்ல, அது செஞ்சது ஸ்விட்சர்லாந்துல வின்டர்தூர்ங்கற ஊர்ல. சூரிச் ஏர்ப்போர்ட்ல இருந்து கொஞ்ச தூரம்தான்.

கீழ் எங்கடின்ல குவார்டா, ஆர்டெஸ், ஸ்குவோல் மூணுல எதுலயாவது தங்குங்க. குவார்டா ரயில் ஸ்டேஷனுக்கு மேல இருக்கு, சின்ன பஸ் ஏத்தி விடும். உங்களுக்குப் புடிக்கப்போறது இந்த ஊருதான். வீட்டுச் சுவர் தடியா இருக்கும், ஜன்னல் சின்னதா உள்வாங்கி இருக்கும், சுவர் பூரா கோடும் வளையமும் பூவும் மீனுமா கோலம். அது பெயின்ட் இல்ல. அடியில கருஞ்சாம்பல் சுண்ணாம்புப் பூச்சு பூசி, மேல வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சு, ஈரம் காயறதுக்குள்ள ஆணியால கீறி எடுக்கறது. கோலம் போட்டுப் பழகின கை உள்ளவங்க கிட்ட நின்னு பாத்தா வட்டம் எங்க ஆரம்பிச்சு எங்க முடிஞ்சதுன்னு கண்டுபுடிச்சுடுவீங்க. வாசல் கதவு ஏன் அவ்வளவு பெருசுன்னா வைக்கோல் வண்டி அந்த வழியா வீட்டுக்குள்ளயே பூந்து பின்பக்கம் இருக்கற களத்துக்குப் போகணும், வீடும் தொழுவமும் ஒரே கூரை. வாசல்ல நம்ம திண்ணை மாதிரி ஒரு பெஞ்ச் போட்டிருக்கும். அப்பா கேப்பாரு, ஏன் எல்லா வீடும் ஏறக்குறைய ஒரே காலத்து வீடா இருக்குன்னு. 1622ல ஆஸ்திரியப் படை வந்து இந்தப் பள்ளத்தாக்கு ஊர்களைக் கொளுத்திட்டுப் போச்சு, அதுக்கப்புறம் எழுப்புனதுதான் நிறைய.

இங்க பேசறது ரொமான்ஷ் மொழி, லத்தீன்ல இருந்து வந்தது. தாய்மொழியா பேசறவங்க ஏறக்குறைய 40,000 பேர்தான், அதுக்குள்ளயே அஞ்சு எழுத்து வழக்கு. 1938ல நாடு முழுக்க ஓட்டெடுப்பு வெச்சாங்க, இது எங்க நாலாவது தேசிய மொழின்னு 90 சதவீதத்துக்கு மேல ஆதரவு. ஒரு ஊர் கூட்டம் அளவு ஜனம் பேசற மொழிக்கு ஒரு நாடே கை தூக்கியிருக்கு, எனக்கு அதை நினைச்சா ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நிறையும். எதிர்ல வர்றவங்களுக்கு "அலெக்ரா"ன்னு சொல்லுங்க, வணக்கம் மாதிரி. ஒரு வார்த்தைதான், ஆனா முகம் மலர்றதைப் பாப்பீங்க. நீங்க கேட்ட "ஜனங்க எப்படி வாழறாங்க" அங்கதான் ஆரம்பிக்கும்.

இங்க இருந்து ஒரு நாள் மியூஸ்டயர் போகணும், அதை மட்டும் விட்டுடாதீங்க. செர்னெட்ஸ்ல போஸ்ட் பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும், பாதி வழி ஸ்விட்சர்லாந்தோட தேசியப் பூங்கா நடுவுல போகும், 1914ல ஆரம்பிச்சது, ஆல்ப்ஸ்லயே முதல் பூங்கா. அங்க விழுந்த மரத்தைக் கூட எடுக்க மாட்டாங்க. கணவாய் தாண்டி இறங்குனா இத்தாலி எல்லைக்கு ஒட்டுன மாதிரி ஒரு கன்னியர் மடம், மரம் வெட்டுன வருஷத்தை ஆராய்ஞ்சு பாத்ததுல 775ஆம் வருஷக் கட்டடம்னு சொல்றாங்க, பேரரசர் சார்லமேன் கட்டுனதா ஐதீகம். இன்னிக்கும் கன்னியர்கள் அங்க வாழறாங்க. சர்ச் சுவர்ல 800ஆம் வருஷத்தை ஒட்டி வரைஞ்ச ஓவியம், அதுக்கு மேல 400 வருஷம் கழிச்சு இன்னொரு அடுக்கு ஓவியம், அதுக்கும் மேல வெள்ளை. அடியில இருக்கறது 1894லதான் தெரிய வந்துச்சு, முழுசா வெளிய எடுத்தது 1947ல இருந்து 1951க்குள்ள. தஞ்சாவூர் பெரிய கோவில்ல நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில சோழர் ஓவியம் இருக்கறதை 1931ல எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபுடிச்சாரே, அதே கதைதாங்க. அப்பா அதைப் பசங்களுக்குப் பாடம் எடுத்திருப்பாரு. அந்தச் சுவர் முன்னாடி அவரை ஒரு நாற்காலியில உக்கார வெச்சுட்டு நீங்க வெளிய வந்துடுங்க, அவசரப்படுத்தாதீங்க.

பையன் பொறுத்துக்கிட்டது போதும்னு வெச்சுக்கங்க, மூணாவது தங்கல் அவனுக்கு. பொன்ட்ரெசினாவுல இருந்து பெர்னினா ரயில்ல ஏறுனா டியாவொலெசான்னு ஸ்டேஷன், இறங்குன இடத்துலயே கேபிள் கார், மேல ஏறக்குறைய 3,000 மீட்டர். எதிர்ல பிட்ஸ் பாலு, பிட்ஸ் பெர்னினா ரெண்டும் வெள்ளை வெளேர்னு நிக்கும், கீழ பனியாறு. கேபிள் கார் ஓடற தேதியை அவங்க வெப்சைட்ல பாத்துட்டு நாள் வைங்க. அப்பா மேல வர்றது அவரோட பிரஷர், இதயம் பத்தி டாக்டர் சொல்றதைப் பொறுத்தது, ரயில் பாதையோட உச்சி ஸ்டேஷன் ஓஸ்பிட்சியோ பெர்னினா 2,253 மீட்டர்தான், நம்ம ஊட்டி உயரம், அதுக்கு யோசிக்கவே வேண்டாம்.

அதே பாதையில மோர்டராட்ச் ஸ்டேஷன்ல இறங்கி பனியாறு பக்கமா நடங்க, பெரும்பாலும் சமதளம்தான். வழி நெடுக வருஷம் போட்ட பலகை நட்டிருப்பாங்க, இந்த வருஷம் பனி இங்க வரைக்கும் இருந்துச்சுன்னு. ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவுல நடக்க நடக்க, பனி எங்கன்னு தேடிட்டே போவீங்க. 19ஆம் நூற்றாண்டு நடுவுல இருந்து ரெண்டரை கிலோமீட்டருக்கு மேல பின்னால போயிடுச்சு. பையன் பாடப்புத்தகத்துல படிச்சது காலடியில இருக்கும், என்கூட வந்த பசங்க அந்த இடத்துல பேச்சை நிறுத்துனதை நான் பாத்திருக்கேன்.

கடைசி ரெண்டு நாள் உச்சியைத் தாண்டி தெற்கே இறங்குறீங்க. ரொமான்ஷ் போய் இத்தாலியன் வந்துடும், லார்ச் போய் கஷ்கொட்டை மரம் வரும். போஸ்கியாவோல ஊர்க்கோடியில ஒரு தெரு பூரா கலர் கலரா மாளிகை வீடு, ஸ்பானியக் குடியிருப்புன்னே பேரு. மலையில பிழைப்பில்லாம ஸ்பெயின், போலந்துன்னு கிளம்பிப்போய் கேக் கடையும் காபி கடையும் வெச்சு சம்பாதிச்சவங்க ஊருக்குத் திரும்பி கட்டுனது. செட்டிநாட்டு வீடுங்களைப் பாத்து வளந்தவங்களுக்கு அந்தத் தெருவை விளக்கவே வேண்டாம். அப்புறம் புருசியோல ரயில் தன் பாலத்துக்கு அடியிலயே வட்டம் அடிச்சு பூந்து இறங்கி இத்தாலியில இருக்கற டிரானோ போய்ச் சேரும், அங்க உயரம் 429 மீட்டர்தான். டிரானோ இருக்கற இத்தாலியப் பள்ளத்தாக்கை கிராவ்புண்டன்காரங்க 1512ல இருந்து 1797 வரைக்கும் ஆண்டாங்க, அப்பாவுக்கு இது ஒரு குறிப்பு. டிரானோல இருந்து மிலான் ரயில் ரெண்டரை மணி நேரம், நடுவுல கொஞ்ச தூரம் கோமோ ஏரிக்கரையிலயே ஓடும்.

நாள் எதையும் இரும்பு மாதிரி கட்டி வெக்காதீங்க. ஒரே இடத்துல மூணு ராத்திரி தங்கச் சொன்னதே அதுக்குத்தான். மலையில மேகம் இறங்குனா எவ்வளவு காசு குடுத்து மேல போனாலும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ராத்திரி வானிலை பாருங்க, வெயில்னா மலை, மேகம்னா சர்ச்சும் கிராமமும். 1200 வருஷ ஓவியத்துக்கு மேகமூட்டம் ஒண்ணும் பண்ணாது. தினம் ஒரு ஊர் பிளான்ல இந்த மாத்தறது முடியவே முடியாது, அதான் அதுல வர்றவங்க பாதிப்பேர் மழையில சிகரத்தைப் பாத்துட்டு வர்றாங்க.

சாப்பாடு. கிச்சன் உள்ள அபார்ட்மென்ட்டா எடுங்க. சூரிச்ல இலங்கைத் தமிழர் கடைகள் உண்டு, அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் அங்க வாங்கிட்டா மிச்சம் கூப், மிக்ரோ கடைகள்ல கிடைக்கும், ஞாயித்துக்கிழமை சின்ன ஊர்ல கடை இருக்காதுன்னு ஞாபகம் வெச்சுக்கங்க. வெளிய சாப்பிட மாலுன்ஸ்னு ஒண்ணு கேளுங்க, துருவுன உருளைக்கிழங்கையும் மாவையும் வெண்ணெயில உதிர் உதிரா வறுத்து ஆப்பிள் மசியலோட தருவாங்க. போஸ்கியாவோல பிட்சோக்கெரி, பக்வீட்னு ஒரு தானிய மாவுல செஞ்ச நூடுல்ஸ், கோஸ், உருளை, சீஸ் போட்டது. காபுன்ஸ் பாக்க கீரைக் கொழுக்கட்டை மாதிரி இருக்கும், ஆனா உள்ள பெரும்பாலும் இறைச்சித் துணுக்கு உண்டு, பார்லி சூப்லயும் அப்படித்தான், கேக்காம தொடாதீங்க. பாரம்பரிய சீஸ் கன்னுக்குட்டி வயித்து ரென்னட் போட்டு உறைய வெக்கறது, அப்பா அதுல கண்டிப்பானவர்னா சீஸையும் தவிர்க்கணும். எங்கடின் நட் டார்ட்ல முட்டை இருக்கலாம்.

ஸ்விஸ் டிராவல் பாஸ் எடுத்தா இந்த ரயில், போஸ்ட் பஸ் எல்லாம் டிரானோ வரைக்கும் அடக்கம், நிறைய மியூசியமும் சேத்து, பையனுக்கு 16 ஆகாததால ஃபேமிலி கார்டுல உங்ககூட இலவசம். டிரானோ மிலான் மட்டும் தனி டிக்கெட். ராத்திரி கணக்குல ஸ்விட்சர்லாந்து அதிகம், அதனால விசா ஸ்விட்சர்லாந்துக்குப் போடுங்க, அதே ஷெங்கன் விசாவுல இத்தாலியும் போகலாம். காலாண்டு லீவுத் தேதி ஸ்கூல்ல தெரிஞ்சதும் எனக்கு எழுதுங்க, எந்த ராத்திரி எந்த ஊர்னு தேதி போட்டு அனுப்பறேன், அப்பாவுக்கு லிஃப்ட் உள்ள கட்டடமா பாத்து.